போருக்குப் பாட்டு! வாய்க்குப் பூட்டு!

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் உலகப் போரைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். கையிலிருந்த நூலில் ஒரு வரி: 1917-ஆம் ஆண்டு அமெரிக்கா போரில் இறங்கிற்று. இறங்கிற்றாம்! வெயிலுக்கு ஆற்றில் இறங்குவது போல, வண்டியிலிருந்து வீதியில் இறங்குவது போல, பத்துக் கோடி மக்கள் கொண்ட நாடொன்று தானாகவே போரில் இறங்கிற்றாம். இறக்கியவர் யார்? இறங்க மாட்டோம் என்றவர் எவரேனும் உண்டா? உண்டெனில் அவர் கதி என்ன? நூல் வாய் திறக்கவில்லை. நாமும், வெட்கத்தோடு ஒப்புகிறோம், அடுத்த வரிக்குத் தாவினோம். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன்தான் தாவவில்லை. எழுந்து நின்றான். "ஐயா, வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையா?"

மணி அடித்தது. நாளை சொல்வதாக வாக்களித்துவிட்டு வெளியே வந்தோம்.

ஆசிரியர் அறையில் அந்தக் கேள்வியைப் பெருமையோடு எடுத்துரைத்தோம். பாடம் சொல்லிப் பழுத்த மூத்த ஆசிரியர் ஒருவர், நல்லவர், நமக்குப் பலமுறை உதவியவர், சிரித்தார். "தம்பி, போர் என்று வந்தபின் கேள்வி ஏது? வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டும். வழக்குப் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் வெற்றி. பேச்சுரிமை, எழுத்துரிமை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

பிறகு! அந்த ஒரு சொல்லை நம்மால் செரிக்க முடியவில்லை. சிறுவனுக்குச் சொல்ல வேண்டிய விடையும் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய மறுப்பும் ஒன்றேதான் என்பது படிக்கப் படிக்கத் தெளிவாயிற்று. அதையே இங்கு எழுதுகிறோம்.

வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள், தோழர்களே! 1917 ஏப்ரலில் போர்த் தீர்மானம் வந்தபோது அமெரிக்க மேலவையில் 82 பேர் ஆம் என்றனர். 6 பேர் இல்லை என்றனர். கீழவையில் 373 பேர் ஆம் என்றனர்; 50 பேர் இல்லை என்றனர். அந்த 50 பேரில் ஒருவர் பெண். மொண்டானா மாநிலம் அனுப்பிய ஜேனட் ராங்கின். அமெரிக்க நாடாளுமன்றத்துள் உறுப்பினராகக் காலடி வைத்த முதற் பெண்மணி. வைத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமையே 1920-இல்தான் கிடைத்தது என்றால், அன்று அந்த அவையில் ஒரு தனிப் பெண் எழுந்து மறுப்புரைக்க எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அதே அவையில் போர் கேட்டு நின்றவர் யார்? குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். முந்திய நவம்பரில் வாக்குக் கேட்டு வந்தபோது, நம்மைப் போரிலிருந்து காத்தவர் இவரே என்று அவர் கட்சியார் ஊர்தோறும் முழங்கினர். நவம்பரில் அமைதிக் காவலர். ஏப்ரலில் போர்த் தலைவர். இவர் பேராசிரியராயிருந்தவர், பல்கலைக்கழகத் தலைமை வகித்தவர், ஆட்சிமுறை பற்றி நூல்கள் எழுதியவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று எண்ணும்போது நாக்குக் கசக்கிறது. இடையில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்தன. மெக்சிகோவைத் தூண்டிவிட ஜெர்மனி அனுப்பிய மறைமுகத் தந்தி அகப்பட்டது. மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க் வங்கிகள் நேச நாடுகளுக்குக் கொடுத்திருந்த கடன் மலையாய்க் குவிந்திருந்ததும் மெய்தானே? தந்தியைப் பற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம்; கடனைப் பற்றி ஒரு முறை பேசினால் துரோகி!

போர் அறிவித்த சில நாளில் அரசு ஒரு செய்திக் குழு அமைத்தது. ஜார்ஜ் கிரீல் என்னும் ஏட்டாளர் அதன் தலைவர். அக்குழுவுக்கு 75,000 பேச்சாளர்கள்! 'நான்கு நிமிட மனிதர்' என்று அவர்களுக்குப் பெயர். படக்கொட்டகையில் சுருள் மாற்றும் இடைவேளையில் மேடை ஏறுவார்கள், நான்கு நிமிடம் முழங்குவார்கள், இறங்கிவிடுவார்கள். கொல்லவும் கொல்லப்படவும் மனிதனை அணியமாக்க நான்கே நிமிடம்! நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு கணக்கை விளங்கவைக்கத் திணறும் நம் போன்றோர் அந்தக் கலையைக் கண்டு பொறாமைப்படத்தான் வேண்டும். ஜெர்மானியர் விரும்பி உண்ணும் புளித்த முட்டைக்கோசுக்கு 'விடுதலைக் கோசு' என்று புதுப் பெயர் சூட்டினர். கோசுக்கு விடுதலை கிடைத்தது. அதைத் தின்ற மனிதனுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஆம், பாட்டுப் பின்னாலேயே பூட்டு வந்தது. 1917 ஜூன் 15-இல் ஒற்றர் தடுப்புச் சட்டம். 20 ஆண்டுவரை சிறை, 10,000 டாலர்வரை தண்டம். சட்டத்தின் பெயரைப் பாருங்கள், ஒற்றரைத் தடுக்கவாம்! அகப்பட்டவர் பட்டியலையும் பாருங்கள்: சமயப் போதகர், ஏட்டாசிரியர், தொழிற்சங்கத்தார், பண்ணையாள், மேடைப் பேச்சாளர். எலிக்கு வைத்த பொறி என்றார்கள். அகப்பட்டதெல்லாம் வீட்டுக்காரன் விரல்! அஞ்சல் துறைத் தலைவர் பர்ல்சன், பிடிக்காத ஏடுகளை அஞ்சலில் ஏற்க மறுத்தார். ஏட்டுக்குத் தடை இல்லையாம், அச்சிட்டுக்கொள்ளலாமாம், அனுப்பத்தான் முடியாதாம். மூச்சு விட உரிமை உண்டு, மூக்கை மட்டும் பொத்திக்கொள் என்பது போல! அதுவும் போதவில்லை. 1918 மே மாதம் சட்டத்தை இன்னும் இறுக்கினர். ஆட்சிமுறையை, அரசியல் சட்டத்தை, கொடியை, படையை, படைவீரன் சீருடையைக்கூட இழித்துப் பேசினால் குற்றம் என்றாயிற்று. வழக்குக்கு ஆளானோர் ஏறத்தாழ 2,000 பேர். தண்டனை பெற்றோர் அவர்களில் பாதியளவு.

மடமைக்கும் ஓர் எல்லை உண்டென்று நாம் எண்ணியிருந்தோம். ராபர்ட் கோல்ட்ஸ்டீன் என்பவர் ஒரு திரைப்படம் எடுத்தார். கதை என்ன? 1776-இல் அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்து நடத்திய விடுதலைப் போர்! அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பாடமாகப் படிக்கும் வரலாறு! அதில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொடுமை செய்வதாகக் காட்சி. 1917-இல் பிரிட்டன் நட்பு நாடாயிற்றே, நண்பனைக் குறை சொல்லலாமா? படத்தைப் பறித்தனர், எடுத்தவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தனர். பின்னர் அதை மூன்றாண்டாகக் குறைத்தார்களாம், கருணை! தன் நாட்டு விடுதலையைப் போற்றியதற்காகத் தன் நாட்டிலேயே சிறை! மொண்டானாவிலோ, ஊர் ஊராகச் சென்று மது விற்கும் முகவர் ஒருவர், போர்க்கால உணவுக் கட்டுப்பாடு வெறும் வேடிக்கை என்று விடுதியில் சொல்லிவிட்டார். ஏழரை ஆண்டு முதல் 20 ஆண்டுவரை சிறை. ஒரு வாக்கியத்துக்கு!

மேலிருப்பவன் சட்டத்தைக் கையில் எடுத்தால் கீழிருப்பவன் கயிற்றைக் கையில் எடுப்பான். இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில்லில், 1918 ஏப்ரல் 5-ஆம் நாள், ராபர்ட் பிரேகர் என்னும் ஜெர்மானியத் தொழிலாளியைக் கும்பலொன்று இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டது. அமெரிக்கக் கடற்படையில் சேர விரும்பி, ஏற்கப்படாமல் திரும்பிய மனிதன் அவன். வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட பதினொருவரும் விடுதலை. வேடிக்கை என்று சொன்னவனுக்கு 20 ஆண்டு. வேடிக்கை பார்க்கத் தூக்கிலிட்டவனுக்கு விடுதலை.

நம் தொழில் பற்றிச் சற்று விரிவாகவே பேச அனுமதியுங்கள். பள்ளிக்கூடம் தப்பியதா? நியூயார்க்கில் டி விட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் மூவரை 1917 இறுதியில் வேலையைவிட்டு நீக்கினர். அவர்கள் போரை எதிர்த்து மேடையேறியதாகக்கூடக் குற்றச்சாட்டு இல்லை. போதிய அளவு நாட்டுப்பற்றை மாணவர் நெஞ்சில் ஊட்டவில்லையாம்! போதிய அளவாம்! படியா, மரக்காலா, எதனால் அளந்தார்களோ! புரூக்ளினில் மேரி மெக்டவல் என்னும் ஆசிரியை. இலத்தீன் கற்பித்தவர். கொல்லாமையை நெறியாகக் கொண்ட குவேக்கர் சமயத்தார். விசுவாச உறுதிமொழித் தாளில் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. 1918-இல் வெளியே அனுப்பினர். 1923-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டனர். அந்த ஐந்தாண்டு உலைக்கு அரிசி எப்படி வந்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதிவைக்கவில்லை. சம்பளத் தேதியை எண்ணி வாழும் நமக்குத்தான் அந்த எண்ணம் முதலில் எழுகிறது.

மொழி என்ன பாவம் செய்தது? அயோவா மாநிலத்து ஆளுநர் 1918 மே மாதம் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளியில், பொது இடத்தில், தொடர்வண்டியில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. கோயிலிலும் கூடாது. கிழவி ஒருத்தி தன் கடவுளிடம் முறையிடுவதென்றாலும் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வர வேண்டும்!

பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் 1919-இல் ஒரு சட்டம்: எட்டாம் வகுப்பைக் கடக்காத பிள்ளைக்கு அயல்மொழி கற்பிப்பது குற்றம். போர் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். சிற்றூர்ப் பள்ளியொன்றில் ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர். 1920 மே மாதத்து நண்பகல் ஒன்றில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அரசு வழக்குரைஞர் வாயிலில் வந்து நின்றார். மேயர் பார்த்துவிட்டார். அந்த நொடியில் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் வந்தவர் வந்தவழி போயிருப்பார். அது மேயருக்கும் தெரியும். மாறவில்லை. ஜெர்மன் மொழியிலேயே பாடத்தைத் தொடர்ந்தார். 25 டாலர் தண்டம் விதித்தனர். கட்ட மறுத்து நீதிமன்றப் படிகளை ஏறினார். 1923-இல் உச்ச நீதிமன்றம் எழுவர் இருவர் என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெற்றிதான்! ஆனால் குழந்தை ஒன்று தன் தாய்தந்தையர் மொழியில் கதை படிக்கலாமா என்ற வினாவுக்கு, போர் ஓய்ந்து நாலரை ஆண்டுக்குப் பின்னும் நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் இருவர் எதிர்க்குரல் கொடுத்தனர். ஒரு வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நமக்கு, பீரங்கியைவிட அந்த வாயிலில் வந்து நின்ற வழக்குரைஞரின் நிழல்தான் அதிக அச்சம் தருகிறது.

அந்த இருவரில் ஒருவர் நீதிபதி ஹோம்ஸ். பெரியவர் சொன்னாரே, 'வீடு பற்றி எரியும்போது' என்று, அந்த உவமைக்கு மூலவர் இவரே எனலாம். நாடக அரங்கில் பொய்யாகத் தீ! தீ! என்று கூவிக் கலவரம் மூட்டுபவனைப் பேச்சுரிமை காக்காது என்று 1919 மார்ச் மாதத் தீர்ப்பொன்றில் எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை வாய்ப்பூட்டு வேண்டும் என்போர் வாயிலெல்லாம் இந்த அரங்கம்தான். ஆனால் 'பொய்யாக' என்ற சொல்லை மட்டும் வழியில் எங்கோ தவறவிட்டுவிடுவார்கள்.

யாரைச் சிறைக்கு அனுப்ப எழுந்தது அந்த உவமை? பிலடெல்பியா நகரத்துச் சமதர்மக் கட்சிச் செயலாளர் சார்லஸ் ஷென்க் என்பவரை. செய்த குற்றம், கட்டாய ஆள்சேர்ப்பு அடிமைமுறையை ஒத்தது, அதை நீக்கச் சொல்லி மனுப்போடுங்கள் என்று துண்டறிக்கை அச்சிட்டது. தீயா இல்லை? ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான இளைஞர் வெந்து மடிந்துகொண்டிருந்தனர். அமெரிக்கரிலேயே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போரிலும் நோயிலும் திரும்பாமற் போயினர். அதுமட்டுமா? நாடகம் பார்ப்பவன் சீட்டு வாங்கிக்கொண்டு தன் விருப்பத்தோடு வருகிறான். பிடிக்காவிட்டால் எழுந்து போகிறான். இந்த அரங்கிலோ, 28 இலட்சம் இளைஞரைச் சட்டம் போட்டு அழைத்துவந்து அமர்த்தினர். வாயிலைச் சாத்திவிட்டுக் கூவாதே என்றால் அது பாதுகாப்பா, படுகொலையா?

அந்த நகரத்திலேயே அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். 1918 செப்டம்பர். பிலடெல்பியாவின் கடற்படைத் துறையில் நச்சுக்காய்ச்சல் புகுந்துவிட்டது. 28-ஆம் நாள் போர்க்கடன் பத்திரம் விற்பதற்கு மாபெரும் ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. மக்களைக் கூட்டாதீர், ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சிலர் எச்சரித்தனர். ஏடுகள் அந்த எச்சரிக்கையை அச்சிடவில்லை. போர்க்காலத்தில் மக்கள் மனம் தளரலாமா? ஊர்வலம் நடந்தது! கொடி பறந்தது! கொட்டு முழங்கியது! வீதியோரம் கூடியவர் இரண்டு இலட்சம் பேர். சில நாளில் மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. ஆறு வாரத்தில் அந்த ஒரு நகரில் மாண்டவர் 12,000-க்கு மேல். இதோ உண்மையான தீ. இதோ நெரிசலான அரங்கம். கூவ வேண்டியவன் எங்கே? கூவினால் என்ன நேரும் என்று அவனுக்குத் தீர்ப்புகள் முன்னமே பாடம் கற்பித்திருந்தன. (அந்தக் காய்ச்சலுக்கு 'ஸ்பானிஷ் காய்ச்சல்' என்று பெயர் வந்த கதையும் இதுதான். ஸ்பெயின் போரில் சேராத நாடு. அதன் ஏடுகளுக்கு வாய்ப்பூட்டு இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மை பேசிய நாட்டின் பெயரை நோய்க்குச் சூட்டிவிட்டார்கள்!)

அப்படியானால் பகைவனுக்குக் கப்பல் புறப்படும் நேரத்தை விற்பவனையும் விட்டுவிடலாமா என்று பெரியவர் கேட்பார். விட வேண்டாம். பிடியுங்கள், தண்டியுங்கள், அவன் ஒற்றன். ஆனால் கப்பல் ஏன் புறப்படுகிறது என்று கேட்பவன் ஒற்றன் அல்லன். அந்தக் கப்பலில் போகப்போவது அவன் மகன். கேட்க அவனுக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

இதைத்தான் யூஜின் டெப்ஸ் கேட்டார். இரயில்வேத் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கி, தொழிற்சங்கம் கட்டி, நான்கு முறை குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற மனிதர். 1918 ஜூன் 16-ஆம் நாள், ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில், சிறையிலிருந்த தம் தோழர் மூவரைக் கண்டுவிட்டு நேரே பூங்காவில் கூடியிருந்த மக்களிடம் வந்து பேசினார். போரை அறிவிப்பவர் ஆளும் வகுப்பார், போரிட்டு மடிபவர் ஆளப்படும் வகுப்பார். மடிபவரிடம் போர் வேண்டுமா என்று எவரும் ஒருநாளும் கேட்டதில்லை என்றார். குண்டு எறியச் சொன்னாரா? கொளுத்தச் சொன்னாரா? இல்லை. இரண்டு மணிநேரப் பேச்சு. பத்தாண்டுச் சிறை. வழக்கில் அவர் சாட்சி எவரையும் அழைக்கவில்லை, சொன்னதை மறுக்கவுமில்லை. வயது 62. உச்ச நீதிமன்றம், மீண்டும் ஹோம்ஸ் கையெழுத்தில், ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது.

பெரியவரே, இப்போது உங்கள் 'பிறகு' என்னும் சொல்லுக்கு வருகிறோம். போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. டெப்ஸ் சிறைக்குள் அடியெடுத்து வைத்தது 1919 ஏப்ரல் 13. பிறகுதான் சிறை! ஜெர்மனி சரணடைந்து ஐந்து மாதம் கழித்து, எந்தப் படைக்கு ஆள் சேராமற் போய்விடும் என்று அந்தக் கிழவரை அடைத்தனர்? 1920-இல் சிறைக்குள்ளிருந்தபடியே தேர்தலில் நின்றார். 9,00,000-க்கு மேற்பட்டோர் அந்தக் கைதிக்கு வாக்களித்தனர். வில்சன் மன்னிக்க மறுத்தார். அடுத்து வந்த ஹார்டிங்தான் 1921 கிறிஸ்துமஸ் நாளில் விடுவித்தார். இதற்கிடையில் போர்க்காலத்தில் பழகிய கைகள் சும்மா இருக்குமா? சட்ட அமைச்சர் பாமர், 1919 இறுதியிலும் 1920 தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார். 249 பேரைக் கப்பலேற்றி நாடு கடத்தினர்.

இதெல்லாம் அமெரிக்காவில்தானே, தம்பி என்று பெரியவர் தோள் தட்டுவார். 1919 ஏப்ரல் 13 என்ற தேதியை மறுமுறை படிக்க வேண்டுகிறோம். டெப்ஸ் சிறை புகுந்த அதே நாள்தான் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் டயர் சுட்டது. நாள் ஒத்தது தற்செயல். நடந்தது தற்செயல் அன்று. பிரிட்டனின் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் பஞ்சாபியர். 70,000-க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. போர்க்காலத்துக்கென்று 1915-இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போர் முடிந்து ஆறு மாதத்தில் அது காலாவதியாக வேண்டும். பழகிய சவுக்கைக் கீழே வைக்க மனம் வருமா? 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணையின்றிச் சிறை நீடித்தது. எதிர்த்து எழுந்த பஞ்சாபின் தலைவர் இருவரைக் கடத்திச் சென்றனர். அதைக் கண்டித்தும் வைசாகித் திருநாளை முன்னிட்டும் கூடிய மக்கள்மீது சுட்டனர். அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 379 பிணம். வெற்றிக்குப் பிறகு கிடைத்த உரிமை அது!

வெள்ளையன் போனபின் மாறிற்றா? சீனப் போர் 1962 நவம்பரில் ஓய்ந்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரிவரை ஓயவில்லை. 1971 டிசம்பர்ப் போர் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை 1977 வரை நின்றது, 1975-இல் அதன் தோள்மீது இன்னொரு நெருக்கடி நிலை ஏறி உட்கார்ந்துகொண்டது. போரின் ஆயுள் பதின்மூன்று நாள், பூட்டின் ஆயுள் ஐந்தாண்டுக்கு மேல். அமெரிக்காவிலும் 1918-இன் திருத்தத்தை நீக்கினார்களேயன்றி, 1917-இன் மூலச் சட்டம் நூறாண்டு தாண்டி இன்றும் ஏட்டில் இருக்கிறது. வியத்நாம் போரைப் பற்றி அரசு மறைத்துவைத்த ஆவணங்களை வெளியிட்டதற்காக டேனியல் எல்ஸ்பர்க்மீது 1971-இல் அதே சட்டத்தைத்தான் பாய்ச்சினர். அரசே செய்த முறைகேடுகள் வெளிப்பட்டதால் 1973-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

பிறகு என்பது ஒருநாள் வந்தே வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராங்கினை அனுப்பிய அதே மொண்டானா, 1918 பிப்ரவரியில் நடுவண் அரசுக்கே முன்மாதிரியாக ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம் இயற்றிய மாநிலம். அதில் தண்டனை பெற்றோர் 79 பேர். பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர் ஒருவரும் பழைய கட்டுகளைத் தூசி தட்டி, ஒவ்வொரு வழக்காகத் தோண்டியெடுத்து முறையிட்டனர். 2006 மே மாதம் ஆளுநர் 78 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். (எஞ்சிய ஒருவருக்கு முன்னமே கிடைத்துவிட்டது.) 88 ஆண்டுகள்! விழாவுக்குப் பேரரும் கொள்ளுப்பேரரும் வந்திருந்தனர். மன்னிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட உயிருடன் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டை வேடிக்கை என்றாரே, அந்த மது முகவரும் அப்பட்டியலில் ஒருவர்.

ராங்கின் அம்மையாரையும் முடித்துவிடுகிறோம். 1941-இல் மீண்டும் அவைக்கு வந்தார். ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய மறுநாள் போர்த் தீர்மானம். 388 பேர் ஆம் என்றனர். இல்லை என்றவர் அவர் ஒருவரே. அந்த வாக்குச் சரியா என்பதில் நமக்கே ஐயம் உண்டு. இட்லரை எதிர்த்த போரை நாம் எளிதில் பழிக்க மாட்டோம். ஆனால் 388 பேர் நடுவே ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடிகிற அவைதான் அவை. 1968-இல், 87 வயதில், வியத்நாம் போரை எதிர்த்து வாஷிங்டன் வீதியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முன்னால் நடந்தார்.

மறுநாள் வகுப்பில் 373 என்றும் 50 என்றும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினோம். டெப்ஸ் கதையைச் சொன்னோம், மேயர் கதையைச் சொன்னோம், மணி அடிக்கும்வரை சொன்னோம். கடைசி வரிசைச் சிறுவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டான்: "ஐயா, இதைத் தேர்வில் எழுதலாமா?" அரையாண்டுத் தேர்வில் எழுது, தாள் திருத்துவது நாம்தான் என்றோம். பொதுத்தேர்வில் திருத்துபவர் எவரோ; விடைக்குறிப்பில் இல்லாததற்கு அவர் மதிப்பெண் கொடுக்க மாட்டார். ஆகவே பாடநூல் எழுதும் குழுவினரைக் கேட்கிறோம். அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: 56 பேர் வேண்டாம் என்றனர்.